ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை: சவப்பெட்டி விற்கிறவனுக்கு ஒரு சந்தேகம்

பெட்டிக்கடைக்காரன், ராயபுரம்
21 ஏப்ரல் 2025, காலை 10.40

எல்லாருக்கும் உயிர்த்தெழுதல் பண்டிகை வாழ்த்துகள். ஒரு நாள் தாமதம்தான், மன்னிக்கவும்.

பெயரைப் பார்த்துவிட்டு வெற்றிலை பாக்கு, கடலை மிட்டாய் விற்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் விற்பது சவப்பெட்டி. அப்பா காலத்திலிருந்து கல்மண்டபம் பக்கத்தில் கடை. தெருப் பையன்கள் கிண்டலுக்கு வைத்த பெயர் இது. அப்பா கொஞ்ச நாள் கோபப்பட்டார், அப்புறம் அவரே போனை எடுத்து "பெட்டிக்கடை" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நேற்று விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை. நாலு மணிக்கே போய்விட்டோம். கடல் காற்று மெழுகுவத்தியை அணைத்துக்கொண்டே இருந்தது, பிள்ளைகள் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் சபைப் போதகர் ஐயர், பைபிளில் பவுல் எழுதின 1 கொரிந்தியர் 15 வாசித்தார். "மரணமே! உன் கூர் எங்கே? பாதாளமே! உன் ஜெயம் எங்கே?"

அந்த இடத்தில் எனக்கு எப்போதுமே ஒரு தொல்லை உண்டு. மற்றவர்கள் கல்லில் இருக்கிற பெயரைப் படிப்பார்கள். எனக்கு மண்ணுக்குள் இருக்கிற பெட்டி ஞாபகம் வரும். இது ஆறடி, அரக்கு கலர். இது பிளைவுட். இதற்கு இன்னும் பாக்கி.

அந்தப் பாக்கிக்காரம்மா நாலு வரிசை தள்ளி நின்றிருந்தார். ஜனவரியில் வீட்டுக்காரர் தவறிவிட்டார். பெட்டிக்கு 7,500 சொன்னேன். 4,000 கொடுத்தார்கள், 3,500 நிற்கிறது. என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுற்றி எல்லாரும் "கர்த்தர் மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று கைகொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு விதவை எனக்குப் பயந்து அந்தப் புருஷனுடைய கல்லுக்குப் பின்னால் நிற்கிறார்.

வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டேன். இறங்கவில்லை.

தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் கேள்வி புரியும். எங்கள் தொழிலில் விலை எழுதி ஒட்டுகிற வழக்கம் கிடையாது. முகத்தைப் பார்த்துத்தான் விலை. இழவு வீட்டுக்காரன் பேரம் பேசமாட்டான், பேசினால் செத்தவர்மேல் பாசம் இல்லை என்று கூட வந்த மச்சான் நினைப்பான். இது எனக்குத் தெரியும், மச்சானுக்கும் தெரியும். 2,900 ரூபாயில் முடிகிற பெட்டியை 5,000-க்கும் கொடுத்திருக்கிறேன், 9,000-க்கும் கொடுத்திருக்கிறேன். ஒரே பெட்டிதான். கைப்பிடியை மட்டும் பித்தளைக் கலரில் மாற்றுவேன். பிணவறைப் பக்கமிருந்து ஆள் அனுப்புகிறவர்களுக்கு ஆளுக்கு 1,000 கமிஷன். அதுவும் செத்தவர் தலையில்தான்.

உள்ளே தைக்கிற சாட்டின் துணி எம்.சி. ரோட்டில் வாங்குவது. நைலான் கலந்த மலிவு ரகம். குடும்பக் குழியைத் திரும்பத் திறக்கும்போது மரம் மக்கியிருக்கும், எலும்புதான் மிச்சம், உன் துணி மட்டும் நேற்று தைத்த மாதிரி பளபளவென்று கிடக்கிறது என்று குழி வெட்டுகிற அண்ணன் சொல்வார். உடம்பெல்லாம் மண்ணாகிவிட்டது, என் சாட்டின் உயிரோடு இருக்கிறது. சிரிப்புதான் வரும். ஆனால் நேற்றிலிருந்து சிரிப்பு வரவில்லை.

ஆராதனை முடிந்து ஐயரிடம் கேட்டேன். "உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறவன் அன்றாட வாழ்க்கையில் என்ன மாற வேண்டும்?" என்று. நல்ல மனிதர். கைநிறையச் சுண்டல் பொட்டலம், சுற்றிலும் ஆட்கள். "ஜெப ஜீவியத்தில் வளருங்கள், புதன்கிழமைக் கூட்டத்துக்கு வாருங்கள்" என்றார். புதன்கிழமை வருகிறேன். ஆனால் வியாழக்கிழமை ஆறடிக்கு என்ன விலை சொல்வது?

அதுதான் கேள்வி. கிறிஸ்து எழுந்திராவிட்டால் விசுவாசம் வீண் என்று பவுல் எழுதுகிறார். எழுந்தார் என்று நான் நம்புகிறேன், சத்தியமாக நம்புகிறேன். ஆனால் அவர் எழாமல் இருந்திருந்தாலும் என் கடை இதேபோலத்தான் நடந்திருக்கும். அதே விலை, அதே கமிஷன், அதே பாக்கி நோட்டு. அப்படியானால் நான் நம்புவது எதை?

வசனம் மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். வசனம் எனக்குத் தெரியும், பெட்டி மூடியில் நான்தான் எழுதி ஒட்டுகிறேன்.

ஜெபவீரன், மணலி
21 ஏப்ரல், காலை 11.15

ஸ்தோத்திரம் பிரதர். பிலிப்பியர் 4:6. ஜெபத்தில் வைத்திருக்கிறோம். ஊழியத்தையும் வியாபாரத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், சத்துரு அப்படித்தான் குற்ற உணர்வைக் கொண்டுவருவான். நம்முடைய நம்பிக்கை மேலே பரலோகத்தில் இருக்கிறது.

பெட்டிக்கடைக்காரன்
21 ஏப்ரல், காலை 11.22

பிரதர், நன்றி. ஆனால் 3,500 கீழேதான் இருக்கிறது.

கரைக்காத்து, காசிமேடு
21 ஏப்ரல், மாலை 4.05

அண்ணே வணக்கம். நான் விசைப்படகு ட்ரைவர். 15-ந் தேதியிலேர்ந்து தடைக்காலம். ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கரையிலதான் குந்தினு கீறோம். முன்ன 45 நாளா இருந்துச்சு, 2017-லேர்ந்து 61 ஆக்கிட்டாங்கோ. அதனால டைப் அடிக்க டைம் கீது.

நீ வசனம் வேணான்ற. நான் கதை சொல்றேன், எங்க தொழில் கதை. பைபிள்ல யோவான் 21.

ஈஸ்டர் ஆயிடுச்சு. எழுந்தவர அவரோட சீஷன் பேதுரு ரெண்டு தபா பாத்தாச்சு. அப்பறம் இன்னா பண்றான்? "மீன்பிடிக்கப் போகிறேன்"ன்றான். மறுபடி தொழிலுக்குத்தான் போறான், உன்னிய மாதிரி. ராத்திரி பூரா வலை போட்டு ஒண்ணும் ஆப்படல. அது இன்னா வலின்னு எங்களுக்குத் தெரியும், டீசல் காசு கூட மிஞ்சாது. விடிஞ்சா கரையில ஒர்த்தர் நின்னுனு வலது பக்கம் போடுங்கன்றாரு. போட்டா 153 பெரிய மீனு.

இதுல மூணு சமாச்சாரம் பாரு. 153-ன்னு எண்ணியிருக்கானுங்க. எழுந்து வந்த ஆண்டவர் பத்தடியில நிக்கிறாரு, இவனுங்க உக்காந்து மீனு எண்றானுங்க! அவரு திட்டல. அதனால நீ நோட்டு வச்சிக்கிறது தப்பில்லண்ணே. கணக்கு கணக்குதான்.

அப்பறம், அவரு கரியில நெருப்பு போட்டு மீனு சுட்டு ரெடியா வச்சிருக்காரு. ஆணி அடிச்ச கை அது. அந்தக் கையாலதான் அடுப்பு பத்த வச்சிருக்காரு. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்"ன்றாரு.

மூணாவதுதான் உனக்கு. பேதுரு மேல பெரிய பாக்கி கீது. அன்னிக்கு ராத்திரி இதே மாதிரி கரிநெருப்பு கிட்ட குளிர் காஞ்சினுதான் மூணு தபா அவர் யாருன்னே தெரியாதுன்னான். எழுந்தவரு அந்தப் பாக்கிய எப்ப எடுக்கிறாரு? துண்ணு முடிச்ச அப்பறம். "அவர்கள் போஜனம்பண்ணின பின்பு"ன்னு தெளிவா போட்டிருக்கு. வெறும் வயித்துல கேக்கல. எல்லாருக்கும் போட்டு, வயிறு ரொம்பி, அப்பால மெதுவா "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா"ன்னாரு.

அந்தம்மா வூட்டுக்கு நோட்டு எடுத்துனு போவாதண்ணே. ஒரு தபா சும்மா போ. மீனு வாங்கினு போ. வஞ்சிரம் இப்ப வெல தாங்காது, பெரிய படகு எதுவும் போவல. நாட்டுப்படகு, கட்டுமரம் புடிக்கறத காலையில வந்து வாங்கு.

சிஸ்டர் அக்கா, பெரம்பூர்
21 ஏப்ரல், இரவு 9.50

தம்பி, 27 வருஷமா வார்டுல வேலை. நீங்க பெட்டி போடுறதுக்கு முன்னாடி அந்த உடம்பைத் தொடுறது நாங்கதான். ஊசி, குழாய் எல்லாம் எடுத்து, வெந்நீர்ல துடைச்சு, கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டுவோம். புதுசா வர்ற பிள்ளைங்க அவசர அவசரமா முடிக்கப் பார்க்கும். "இனிமே வலிக்காதுல்லக்கா"ன்னு கேக்கும். வலிக்காதுதான். ஆனா நான் பேர் சொல்லித்தான் புரட்டுவேன். "ஐயா, இந்தப் பக்கம் திரும்பலாம்"னு.

உயிர்த்தெழுதலை நம்புறதுக்கு என் வேலையில அதுதான் அர்த்தம்னு நான் வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை "சரீரம் உயிர்த்தெழுதலும்"னு விசுவாசப் பிரமாணம் சொல்றோம். ஆத்துமா மேலே பறந்து போயிடும், இது வெறும் கூடுன்னு அதுல இல்லை. இந்த உடம்பு ஆண்டவருக்கு இன்னும் வேணும். வேணும்ங்கிற பொருளை யாராவது குப்பை மாதிரி கையாளுவாங்களா?

அப்போஸ்தலர் 9-ல தொற்காள்ங்கிற அம்மா கதை ஞாபகம் இருக்கா? செத்ததும் குளிப்பாட்டி மேல்வீட்டுல கிடத்துறாங்க. பேதுரு வந்ததும் விதவைகள் எல்லாம் அழுதுக்கிட்டே அவ தைச்சுக் கொடுத்த துணிகளைக் காட்டுறாங்க. அவ என்ன பிரசங்கம் பண்ணினான்னு யாரும் சொல்லலை, துணியைத்தான் காட்டினாங்க. (உங்க ராயபுரத்துக்குப் பேர் கொடுத்த அதே ராயப்பர்தான் அந்தப் பேதுரு.) உங்க பெட்டி வாங்கின விதவை, உங்களைப் பத்தி யார்கிட்டயாவது எதையாவது எடுத்துக் காட்டணும்னா எதைக் காட்டுவாங்க?

இன்னொண்ணு. அந்த நைலான் சாட்டினை விடுங்க. காடாத்துணி போடுங்க. மக்கட்டும். மண்ணுக்குப் போகவேண்டியது மண்ணுக்குப் போனாத்தான் அடுத்தவங்களுக்கு அந்தக் குழியில இடம்.

வியாசர்பாடியான்
22 ஏப்ரல், காலை 7.30

எல்லாரும் பெட்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் குழியைப் பற்றிக் கேட்கிறேன். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்துச் சுவர் நிற்பது ஊருக்கே தெரியும். கடைசி நாளில் எக்காளம் தொனிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பார்கள். எழுந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்தச் சுவர்தான். ஈஸ்டர் பாட்டுப் பாடுகிறவர்கள் இதற்கு ஒரு வழி சொல்லிவிட்டுப் பாடட்டும். பெட்டிக்கடை அண்ணனிடம் ஒன்றே ஒன்று: எங்கள் தெருவிலிருந்து வந்தாலும் அடையாறிலிருந்து வந்தாலும் ஒரே விலை சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

பழைய லே ரீடர், புரசைவாக்கம்
22 ஏப்ரல், மாலை 6.10

தம்பி, எனக்கு வயது 74. முப்பது வருஷம் சபையில் பாடம் வாசித்தவன். வசனம் வேண்டாம் என்றீர்கள். வசனத்துக்கு அடுத்த வசனத்தைச் சொல்கிறேன், அதை யாரும் வாசிப்பதில்லை.

1 கொரிந்தியர் 15-ஐ ஐயர் எங்கே நிறுத்தினார்? "கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராதென்று" என்கிற 58-ஆம் வசனத்தில்தானே? ஆமென் சொல்லி உட்கார்ந்திருப்பார். பவுல் உட்காரவில்லை. அதிகார எண் எல்லாம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் போட்டது. பவுல் எழுதின கடிதத்தில் அங்கே கோடு கிடையாது. எக்காளம், அழியாமை, மரணத்தின் கூர் என்று உச்சத்துக்குப் போய்விட்டு அடுத்த வரியிலேயே "பரிசுத்தவான்களுக்காகச் சேர்க்கப்படும் தர்மப்பணத்தைக்குறித்து" என்று ஆரம்பிக்கிறார். வாரத்தின் முதல் நாள்தோறும் அவனவன் வரவுக்குத் தக்கதாக எடுத்து வைக்கச் சொல்கிறார். வாரத்தின் முதல் நாள் எது? அவர் எழுந்த நாள். கல்லறை காலியான நாளில் பணப்பையைத் திற என்கிறார். எருசலேமின் ஏழைகளுக்காக. ஆக, உமது கேள்வியைப் பவுலே கேட்டு, ரூபாய் பைசாவில் பதிலும் எழுதியிருக்கிறார்.

அடுத்தது உமக்குப் பிடிக்காது. எபிரெயர் நிருபம், மரணபயத்தினாலே ஜீவகாலமெல்லாம் அடிமையாயிருக்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. உமக்குச் சாவைக் கண்டு பயமில்லை. இந்த மாதம் சாவு வராமல் போய்விடுமோ என்றுதான் பயம். அதனால்தான் வந்த ஆளிடம் வராத ஆளுக்கும் சேர்த்து வாங்குகிறீர். அதுவும் மரணபயம்தான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. கோபித்துக்கொள்ளாதீர், மாசக் கடைசியில் பென்ஷன் தாமதமானால் எனக்கும் அதே வியாதி உண்டு.

உமது தொழிலைக் கேவலமாக நினைக்காதீர். நாலாம் நூற்றாண்டில் ரோமாபுரியை ஆண்ட ஜூலியன் கிறிஸ்தவனாக வளர்ந்து, அதை விட்டு வெளியேறி, பழைய தெய்வ வழிபாட்டைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தவன். தன் ஆள் ஒருவருக்கு எழுதின கடிதத்தில், இந்தக் கிறிஸ்தவர்கள் இப்படிப் பெருகுவதற்கு என்ன காரணம் என்று எரிச்சலோடு கணக்குப் போடுகிறான். அந்நியரை உபசரிப்பது ஒன்று. ஒழுக்கமாக இருப்பதுபோல் காட்டிக்கொள்வது ஒன்று. இறந்தவர்களின் அடக்கத்தில் அவர்கள் காட்டுகிற அக்கறை இன்னொன்று. பகைவனே கண்டு பொறாமைப்பட்ட வேலையை நீர் கல்மண்டபத்தில் செய்துகொண்டிருக்கிறீர். இன்றைக்கு அவன் உமது கடைக்கு வந்தால் பொறாமைப்படுவானா?

பெட்டிக்கடைக்காரன்
27 ஏப்ரல், மாலை 5.30

எல்லாருக்கும் நன்றி. லே ரீடர் ஐயா, இரண்டு நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை.

காசிமேட்டுத் தம்பி சொன்னபடி வியாழக்கிழமை காலையில் போய்க் கானாங்கெளுத்தி ஒரு கிலோ வாங்கினேன். மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்தம்மா வீட்டுக்குப் போனோம். நோட்டை எடுத்துப் போகவில்லை. கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடி அரிசி டப்பாவிலிருந்து 500 ரூபாய் எடுத்துவந்து நீட்டினார். இதற்குத்தான் வந்தேன் என்று நினைத்துவிட்டார். கையில் மீன் பையை வைத்துக்கொண்டு, அந்தப் பணத்துக்கு முன்னால் நான் நின்ற நிலை இருக்கிறதே.

மனைவிதான் காப்பாற்றினாள். மீனைக் கொடுத்து, அரிவாள்மனை எங்கே என்று கேட்டு அவர்கள் அடுப்படிக்கே போய்விட்டாள். குழம்பு கொதிக்கிறவரைக்கும் நானும் அவர் பையனும் கிரிக்கெட் பேசினோம். சாப்பிட்டோம். சாப்பிட்ட பின்பு, தம்பி, சாப்பிட்ட பின்புதான் சொன்னேன்: "அம்மா, அந்தப் பெட்டிக்கு நான் 5,000 சொல்லியிருக்கணும், 7,500 சொல்லிட்டேன்."

மொத்தத்தையும் விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவர் விடவில்லை. "தானமா வேணாங்க. அவர் ஒருத்தர்கிட்டயும் கடன் வைக்காத ஆளு, கடன்ல படுத்திருக்க வேணாம்" என்றார். சரி, 5,000 என்றால் பாக்கி 1,000. அந்த 500-ஐ வாங்கிக்கொண்டேன். வாங்காமல் வந்திருந்தால் நான் பெரிய மனிதனாகியிருப்பேன், அவர் சின்னவராகியிருப்பார். மிச்சம் 500 அடுத்த மாதம் தருகிறேன் என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

கடையில் விலைப்பலகை மாட்டிவிட்டேன். ஐந்தரை அடி, ஆறடி, சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டடி, மூன்றடி. சின்னப் பெட்டிக்கு எதிரே விலை எழுதக் கை வரவில்லை, காலியாக விட்டிருக்கிறேன். பக்கத்து மலர்வளையக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு "என்னண்ணே, ஓட்டல் மாதிரி போர்டு போட்டிருக்கீங்க" என்று சிரித்தார். சாட்டின் கைவசம் இன்னும் எட்டுப் பெட்டிக்கு இருக்கிறது. அது முடிந்ததும் காடாத்துணிதான், சிஸ்டர் அக்கா.

கமிஷன் விஷயத்தில் ஒன்றும் செய்யவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை ஒருவர் போன் செய்தார். 1,000 கொடுத்தேன். பலகை விலையில் விற்று, அவருக்கும் கொடுத்ததில் என் கைக்கு வந்தது 1,100. பையன் காலேஜ் பீஸ் ஜூனில். ஐயா சொன்ன அந்த வேறு சட்டை போட்ட பயம் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்புகிறது. அதை எப்படி விரட்டுவது என்று இன்னும் தெரியவில்லை.

என் மனைவி ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்), ராயப்பர் கோயில் பங்கு. நான் திங்கட்கிழமை இங்கே எழுதின அன்று மத்தியானம்தான் போப் பிரான்சிஸ் இறந்த செய்தி வந்தது. நேற்று அடக்கத்தை டி.வி.யில் முழுக்கப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன், தொழில் புத்தி. முன்பெல்லாம் போப் இறந்தால் சைப்ரஸ் மரம், ஈயம், அதற்கும் வெளியே ஓக் என்று ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டி. இவர் போன வருஷமே அந்தச் சடங்கை மாற்றி, உள்ளே துத்தநாகம் அடித்த ஒரே மரப்பெட்டி போதும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மூடியில் ஒரு சிலுவை. ஓரங்களை நன்றாக இழைத்திருந்தார்கள், மூலையில் இணைப்பே தெரியவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது.

வியாசர்பாடித் தம்பி, அந்தச் சுவருக்கு என்னிடம் பதில் இல்லை. விலை ஒன்றுதான், பலகையில் இருக்கிறது, வந்து பாருங்கள்.

வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. இரண்டு பையன்கள் இறங்கிப் பலகையைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தரை அடி போலிருக்கிறது. அப்புறம் வருகிறேன்.